சிஸ்டரிடம் கேளுங்கள்: வாதம் வேண்டாம், கத்திரிக்கோலைத் தேடுங்கள்

போன இதழில் டிமென்ஷியா பற்றி, அதாவது நினைவும் யோசிக்கும் திறனும் மெல்ல மெல்லக் குறையும் கோளாறு பற்றி, நாலு வரி எழுதினேன். பதிலுக்கு ஒரு பை நிறையக் கடிதங்கள் வந்துவிட்டன. எல்லாவற்றுக்கும் இங்கே இடம் இல்லை. பலர் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை மட்டும் எடுத்திருக்கிறேன். யார் பெயரையும் போடவில்லை. முதலில் கடிதம், அதன் கீழே என் பதில். நான் டாக்டர் இல்லை. நரம்பியல் வார்டில் 29 வருடம் நர்ஸாக இருந்தேன். ஓய்வு பெற்ற பிறகு என் மாமியாரை ஆறு வருடம் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டேன். வார்டில் கற்றதைவிட வீட்டில் பட்டுக் கற்றதுதான் அதிகம்.

அப்பாவுக்கு 71 வயது. தெரிந்தவர்களின் பெயர் சட்டென்று வாயில் வருவதில்லை. மூக்குக் கண்ணாடியை வைத்த இடம் மறந்துவிடுகிறது. போன மாதம், வருடக்கணக்காக அவரே கட்டிவரும் மின்கட்டணத்தை இரண்டு தடவை கட்டிவிட்டு, 'நான் எங்கே கட்டினேன்?' என்கிறார். இது வயதா, வியாதியா?

பெயரும் கண்ணாடியும் எனக்குப் பயம் தரவில்லை. மின்கட்டணம்தான் யோசிக்க வைக்கிறது. அதிலும், இரண்டு தடவை கட்டியதைவிட, கட்டியதே நினைவில் இல்லை என்பது.

வயதால் வரும் மறதியில் விஷயம் உள்ளே இருக்கும், வெளியே வரத்தான் நேரமாகும். குளித்துக்கொண்டிருக்கும்போது 'அட, அவர் பெயர் இதுதானே!' என்று தானாக வந்து நிற்கும். டிமென்ஷியாவில் பெரும்பாலும் விஷயம் உள்ளே போய்ப் பதிவதே இல்லை. காதுக்கு உட்பக்கமாக, மூளையின் இரண்டு புறமும் ஹிப்போகேம்பஸ் என்று ஒரு சின்னப் பகுதி உண்டு. இன்றைக்கு நடந்ததை நாளைக்கு எடுத்து வைப்பது அதன் வேலை. டிமென்ஷியாவுக்கு முக்கியக் காரணமான அல்சைமர் நோய் பெரும்பாலும் முதலில் கைவைப்பது அங்கேதான். அதனால்தான் நாற்பது வருடத்துக்கு முந்தைய சண்டையை வரி விடாமல் சொல்பவருக்குக் காலையில் யார் வந்தார்கள் என்பது தெரியாது. வீட்டில் உள்ளவர்கள் 'பழசெல்லாம் எவ்வளவு கரெக்டா சொல்றார், அவருக்கா மறதி?' என்று ஏமாறுவதும் இதனால்தான்.

ஆனால் நீங்களே முடிவு கட்டிவிடாதீர்கள். டிமென்ஷியா என்பதைக் காய்ச்சல் போல வைத்துக்கொள்ளுங்கள். காய்ச்சல் என்றால் எதனால் என்று அடுத்த கேள்வி வரும் அல்லவா, இதற்கும் அப்படித்தான். 100 பேரில் 60, 70 பேருக்கு அல்சைமர் காரணமாக இருக்கும். மூளை ரத்தக்குழாய் அடைப்பால் சிலருக்கு வரும். லூயி பாடி என்று ஒரு வகை, அதில் இல்லாத ஆட்கள் கண்ணுக்குத் தெரிவார்கள். மூளையின் முன்பகுதியைத் தாக்கும் வகையில் நினைவு நன்றாகவே இருக்கும், சுபாவம்தான் தலைகீழாக மாறும்.

டிமென்ஷியா மாதிரியே நடித்து ஏமாற்றும் கோளாறுகளும் உண்டு. தைராய்டு குறைவு, வைட்டமின் பி12 குறைவு, மனச்சோர்வு, காது கேளாமை, சில மாத்திரைகள். முதலில் ரத்தப் பரிசோதனையும் மூளை ஸ்கேனும் கேட்பது இவற்றைக் கண்டுபிடிக்கத்தான். ஒரு பெரியவரை 'அப்பாவுக்குப் புத்தி போச்சு' என்று முடிவே செய்துகொண்டு எங்கள் வார்டுக்குக் கூட்டிவந்தார்கள். ஒன்றரை மாதம் முன்பு குளியலறையில் வழுக்கி விழுந்ததை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஸ்கேனில் மண்டையோட்டுக்கு அடியில் ரத்தம் தேங்கியிருந்தது. அதை எடுத்த நாலாம் நாள் என்னிடம் பேப்பர் கேட்டார், கூடவே 'நேத்து பேப்பர் வேண்டாம்' என்றார்.

டாக்டரிடம் போகும்போது அப்பா சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும், அலர்ஜிக்கும் தூக்கத்துக்கும் தானாக வாங்கிப் போட்டுக்கொள்வதையும் சேர்த்து, ஒரு பையில் அள்ளிக்கொண்டு போங்கள். 'மறதி இருக்கு' என்று மட்டும் சொல்லாதீர்கள். மின்கட்டணக் கதையைத் தேதியோடு சொல்லுங்கள்.

மாமியாருக்கு டிமென்ஷியா என்று சொல்லி எட்டு மாதம் ஆகிறது. தன் பணப்பையை நான் எடுத்துவிட்டதாக வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்கிறார். பை அவர் தலையணை உறைக்குள்ளேயே இருக்கிறது. எடுத்துக் காட்டினால் 'இப்ப பயந்து கொண்டுவந்து வச்சிட்டே' என்கிறார். நாத்தனார் என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கிறார். இந்த வீட்டில் இருக்கவே பிடிக்கவில்லை.

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். உங்கள் வீட்டில் பணப்பை என்றால் எங்கள் வீட்டில் கத்திரிக்கோல்.

அத்தை தையல்காரர். நாற்பது வருடம் மிஷின் மிதித்தவர். துணி வெட்டும் பெரிய கத்திரிக்கோலை யாரையும் தொட விடமாட்டார், காகிதம் வெட்டிக் கூர் போய்விடும் என்று பயம். நோய் வந்த பிறகு அந்தப் பயம் மட்டும் வளர்ந்தது. யாரும் எடுத்துவிடாமல் இருக்க ஒளித்து வைப்பார். ஒளித்தது மறந்துவிடும். அப்புறம் அவர் மனம் போடும் கணக்கைப் பாருங்கள்: பொருளைக் காணோம், நான் எடுக்கவில்லை, அப்படியானால் யாரோ எடுத்திருக்கிறார்கள். கணக்கில் தப்பே இல்லை. நடுவில் ஒரு வரி அழிந்துபோயிருக்கிறது, அவ்வளவுதான். யார் எடுத்தது என்று தேடினால் கண்ணெதிரே நாள் முழுக்க நடமாடுகிறவள் நான் ஒருத்திதானே. எங்கோ இருக்கும் மகள் மீதா பழி விழும்?

இதையெல்லாம் நூறு குடும்பங்களுக்கு விளக்கியவள் நான். இருந்தும் ஒரு நாள் சாயங்காலம், ஒரே நாளில் மூன்றாவது தடவை திருட்டுப் பட்டம் கேட்டபோது பொறுக்க முடியவில்லை. பழந்துணி மூட்டையிலிருந்து கத்திரிக்கோலை உருவி மேஜை மேல் டமாரென்று வைத்து, 'இதோ இருக்கு! யார் திருடினது, சொல்லுங்க!' என்று கத்திவிட்டேன். பத்து நிமிடத்தில் அத்தைக்கு எல்லாம் மறந்துவிட்டது. கத்திரிக்கோல் மறந்தது, நான் கத்தியதும் மறந்தது. ஆனால் அன்று ராத்திரி வரைக்கும் நான் பக்கத்தில் போனாலே தோள் குறுகினார். தட்டை நீட்டினால் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். 'என்ன அத்தை?' என்று கேட்டால், 'தெரியலம்மா, மனசு என்னவோ பண்ணுது' என்றார்.

சம்பவம் போய்விடும், அது கிளப்பிவிட்ட கலக்கம் போகாது. அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழகத்தார் இதைச் சோதித்து 2014இல் எழுதினார்கள். அல்சைமர் நோயாளிகளுக்குச் சோகமான படத்துண்டுகளையும் சிரிப்பானவற்றையும் காட்டினார்கள். சற்று நேரத்தில் என்ன பார்த்தோம் என்பதே பலருக்கு நினைவில்லை. ஆனால் சோகமும் சந்தோஷமும் அப்படியே இருந்தன. அன்றைக்கு எங்கள் வீட்டில் நான் பார்த்ததும் இதுதான்.

அதற்குப் பிறகு நான் நிரூபிப்பதை விட்டுவிட்டேன். 'அடடா, கத்திரிக்கோலைக் காணோமா? அது இல்லாம எப்படி? வாங்க, தேடுவோம்' என்று கூடவே கிளம்பிவிடுவேன். இருக்கும் இடம் எனக்குத் தெரிந்தாலும் நான் எடுக்கமாட்டேன். நீங்களும் எடுத்துக் காட்டாதீர்கள், எடுத்துக் காட்டுகிறவர்தான் திருடர் ஆகிறார். மெல்ல அந்தப் பக்கம் நடத்திக் கொண்டுபோய், அவர் கையாலேயே எடுக்க விடுங்கள். அதே மாதிரி இன்னொரு பணப்பை வாங்கி, கொஞ்சம் சில்லறை போட்டு வைத்துக்கொள்ளுங்கள். என்னிடம் மூன்று கத்திரிக்கோல் இருந்தன.

கை வேலை கொடுப்பதும் உதவும். விரல் பழகியது நெடுநாள் விரலில் தங்குகிறது. அது மூளையில் வேறு இடத்தில் இருக்கும் நினைவு. மகன் பெயர் வராத நாளிலும் அத்தை ஊசியில் நூல் கோர்ப்பார். ராத்திரி நான் பழந்துணியில் நெளிநெளியாக விளிம்பு அடித்து வைப்பேன். பகலில் அத்தை உட்கார்ந்து தையலைப் பிரிப்பார். 'யாரு இவ்வளவு கேவலமா தைச்சது?' என்பார். 'தெரியலையே அத்தை' என்பேன். அந்த இரண்டு மணி நேரம் திருட்டுப் பேச்சே வராது.

நாத்தனார் விஷயம் வேறு. அவரிடம் விளக்கிக்கொண்டிருக்க வேண்டாம். நீங்கள் மூன்று நாள் அம்மா வீட்டுக்குப் போய்வாருங்கள், அவர் வந்து பார்த்துக்கொள்ளட்டும். இரண்டாம் நாளே பணப்பை காணாமல் போகும்.

அப்பா தவறி நாலு வருடம் ஆகிறது. அம்மா தினமும் சாயங்காலம் 'உங்கப்பா இன்னும் வரலையே' என்கிறார். உண்மையைச் சொன்னால் அப்போதுதான் கேள்விப்பட்டது போலக் கதறுகிறார். பொய் சொல்லவும் மனம் வரவில்லை.

அப்போதுதான் கேள்விப்பட்டது போல என்று எழுதியிருக்கிறீர்கள். போல இல்லை தம்பி, அவருக்கு அது அப்போதுதான் கேள்விப்படும் சாவு. தினமும் ஒரு தடவை உங்கள் அம்மாவை விதவையாக்க வேண்டாம்.

அதற்காக 'ஆறு மணிக்கு வந்துடுவார்' என்றும் சொல்லாதீர்கள். எது மறந்தாலும் யாரோ வரப்போகிறார்கள் என்ற எதிர்பார்ப்பு மட்டும் நின்று, ராத்திரி முழுக்க வாசலில் உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். இரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது. அப்பாவைப் பற்றி அம்மாவிடமே கேளுங்கள். 'அப்பா லேட்டா வந்தா திட்டுவீங்களாம்மா?' 'வந்ததும் முதல்ல என்ன கேட்பார்?' பேச்சு ஓடும். பேசப் பேச, அவர் தேடுவது ஆளையா, அந்த நேரத்துக்கு வீட்டில் இருந்த தெம்பையா என்பது உங்களுக்கே தெரியும். விளக்கைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாலே அடங்குகிற நாட்கள் உண்டு.

எங்கள் வார்டில் ஒரு மூத்த சிஸ்டர் இருந்தார். நோயாளியிடம் பொய்யே கூடாது என்பார், பேச்சைத் திருப்பித்தான் விடுவார். நான் அவ்வளவு கறார் இல்லை. ஆனால் ஒரு விஷயத்தில் அவர் கட்சிதான். அம்மா உங்கள் முகத்தைப் பார்த்து 'செத்துட்டாரா?' என்று நேராகக் கேட்டால், அன்றைக்கு மழுப்பாதீர்கள். கையைப் பிடித்துக்கொண்டு, 'ஆமாம்மா' என்று சொல்லுங்கள். அது அவருக்கு எங்கோ தெரிந்திருக்கிறது, அதனால்தான் அப்படிக் கேட்கிறார்.

குளிக்க மாட்டேன் என்று அடம். பலவந்தமாகக் கூட்டிப் போனால் அடிக்க வருகிறார்.

தினமும் குளித்தே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஈரத்துணியால் துடைத்துவிட்டால் போதும். அவர் இடத்தில் இருந்து பாருங்கள்: யாரென்று சரியாகத் தெரியாத ஒருவர் நம் துணியை உருவி, தலையில் தண்ணீரைக் கொட்டினால் நாமும்தான் அடிப்போம். தோளில் ஒரு துண்டைப் போர்த்திவிட்டு, காலிலிருந்து வெதுவெதுப்பான நீரை ஊற்றி மெதுவாக மேலே வாருங்கள். தலையைக் கடைசிக்கு வையுங்கள், அல்லது வேறு நாளைக்கு. தரையில் கறுப்பு மிதியடி இருந்தால் எடுத்துவிடுங்கள், சிலர் கண்ணுக்கு அது பள்ளமாகத் தெரியும்.

அப்பாவுக்கு மூன்று வருடமாக டிமென்ஷியா. இரண்டே நாளில் திடீரென்று மோசமாகிவிட்டார். பகலெல்லாம் மயக்கம் போலத் தூங்குகிறார், ராத்திரி சுவரில் பூச்சி ஊர்கிறது என்று கத்துகிறார். நோய் முற்றிவிட்டதா? தூக்க மாத்திரை கொடுக்கலாமா?

இந்தக் கடிதம் இதழ் வரும்வரை காத்திருக்காது என்பதால் படித்த கையோடு பதில் சொல்லிவிட்டேன். இங்கே எழுதுவது மற்றவர்களுக்காக.

டிமென்ஷியா மாதக் கணக்கில், வருடக் கணக்கில் இறங்கும். இரண்டு நாளில் தலைகீழானால் அதற்கு டெலிரியம் என்று பெயர். கீழே வேறு ஏதோ ஓடிக்கொண்டிருக்கிறது. சிறுநீர்த் தொற்று, நுரையீரல் சளி, மலச்சிக்கல், சிறுநீர் அடைப்பு, உடம்பில் தண்ணீர் வற்றுவது, புதிதாகச் சேர்ந்த மாத்திரை, சொல்லத் தெரியாத வலி. வயதானவர்களுக்குத் தொற்று இருந்தும் காய்ச்சல் அடிக்காமல் இருக்கலாம். அதே நாளில் டாக்டரிடம் கூட்டிப் போக வேண்டும். காரணத்தைச் சரிசெய்தால் பலர் தேறுவார்கள், சிலருக்கு வாரக் கணக்கில் ஆகும்.

தூக்க மாத்திரையைக் கேட்டு வாங்காதீர்கள். குழப்பம் கூடும், எழுந்து நடந்து விழுந்து இடுப்பு எலும்பு முறியும். ஆவேசத்தை அடக்கும் மனநோய் மாத்திரைகளும் அப்படியே. டிமென்ஷியா உள்ள முதியவர்களுக்கு அவை இறப்பு அபாயத்தைக் கூட்டுகின்றன என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005இலேயே எச்சரித்தது. தனக்கோ பிறருக்கோ ஆபத்து என்ற நிலையில் டாக்டர் யோசித்துக் கொஞ்ச நாளைக்குத் தருவது வேறு. அப்போதும், இல்லாத ஆட்கள் தெரிவது உண்டா என்பதை மறக்காமல் சொல்லுங்கள். லூயி பாடி வகை என்றால் அந்த மாத்திரைகளில் சில உடம்பையே மரக்கட்டையாக்கிவிடும்.

தினமும் பொழுது சாயும்போது மட்டும் வரும் பரபரப்பு இதிலிருந்து வேறு. அதற்கு இருட்டும் முன்பே விளக்குகளைப் போடுங்கள், பகல் தூக்கத்தைக் குறையுங்கள், மத்தியானத்துக்கு மேல் கொஞ்சம் நடக்க வையுங்கள்.

அல்சைமரைக் குணமாக்கும் ஊசி வந்துவிட்டதாமே? நோய் நடுக்கட்டத்தைத் தாண்டிய என் பெரியம்மாவுக்குப் போடலாமா?

குணமாக்கும் ஊசி இல்லை. லெக்கனெமாப் என்ற மருந்துக்கு 2023இல் அமெரிக்காவில் முழு அனுமதி கிடைத்தது. மூளையில் படியும் அமைலாய்ட் என்ற புரதத்தை அது துடைத்தெடுக்கிறது. ஒன்றரை வருடச் சோதனையில், போட்டுக்கொண்டவர்களும் நலிந்தார்கள், போடாதவர்களைவிட 27 சதவீதம் மெதுவாக. ஆரம்ப நிலையில் இருப்பவர்களுக்கு மட்டும்தான் பயன். மூளை வீக்கம், சிறு ரத்தக்கசிவு வரலாம் என்பதால் அடிக்கடி எம்ஆர்ஐ எடுக்க வேண்டும். நோய் நடுக்கட்டத்தைத் தாண்டிய உங்கள் பெரியம்மாவுக்கு இது இல்லை. 1996இலிருந்து இருக்கும் டோனெபெசில் போன்ற மாத்திரைகள் சிலருக்குக் கொஞ்ச காலம் கைகொடுக்கும். டாக்டரிடம் கேட்டுப் பாருங்கள்.

அம்மாவுக்கு 78 வயதில் வந்தது. எனக்கும் வருமா?

அம்மாவுக்கு இருந்தால் உங்களுக்கு வாய்ப்பு ஓரளவு கூடும். வந்தே தீரும் என்பதில்லை. ஒரே மரபணுக் கோளாறு தலைமுறை தலைமுறையாக இறங்கும் குடும்பங்கள் மிகக் குறைவு, அவர்களுக்குப் பெரும்பாலும் 65க்கு முன்பே வந்துவிடும். அல்சைமர் என்ற டாக்டர் 1901இல் முதன்முதலாகப் பார்த்துக் குறிப்பெழுதிய பெண்ணுக்கும் வயது 51தான். உங்கள் அம்மாவுக்கு வந்தது முதுமையில்.

லான்செட் இதழின் குழு 2024இல் மாற்றக்கூடிய 14 காரணங்களைப் பட்டியலிட்டது. அவற்றைச் சரிசெய்தால் உலகில் டிமென்ஷியாவில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாகத் தவிர்க்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்பது அவர்கள் கணக்கு. ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு, புகை, காது என்று போகிறது அந்தப் பட்டியல். காதுக்கு மிஷின் வைக்க வெட்கப்படுகிறவர்கள் இந்த வரியை இன்னொரு தடவை படியுங்கள்.

என் கணவருக்கு இது ஆறாவது வருடம். நான் ஒருத்திதான். மகன் தொலைவில் இருக்கிறான். பக்கத்திலேயே இருக்கும் கொழுந்தனார் ஞாயிற்றுக்கிழமை வந்து, 'அண்ணி, உங்களை மாதிரி யாரும் பார்த்துக்க முடியாது' என்று சொல்லிவிட்டுப் போகிறார். சில ராத்திரி, இவர் தூக்கத்திலேயே போய்விட்டால் தேவலை என்று தோன்றுகிறது. மறுநிமிஷம் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

எனக்கும் தோன்றியிருக்கிறது. ஒரு தடவை இல்லை, பல தடவை. முழுசாக மூன்று மணி நேரம் தூங்கிப் பல மாதம் ஆனவளுக்குத் தோன்றுவது அது. அவர் போக வேண்டும் என்பதில்லை, இது முடிய வேண்டும் என்பதுதான். அறைந்துகொள்ள வேண்டாம். உங்கள் ரத்த அழுத்தத்தைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள், சொல்லுங்கள்?

கொழுந்தனாரின் பாராட்டு, வேலையில் கைவைக்காமல் நழுவுவதற்கு நல்ல வழி. கெட்டவர் இல்லை, அவருக்கு ராத்திரி தெரியாது. எங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருந்தது. அத்தை என் கணவருக்குச் சொந்த அம்மா, ஒரே வீடு, பக்கத்து அறை. ஒரு ராத்திரி நான் ஒரு தாளில் எழுதி வைத்தேன். 11:40, எழுந்து கத்திரிக்கோலைத் தேடினார். 1:15, படுக்கை நனைந்தது, மாற்றினேன். 2:30, வாசல் தாழ்ப்பாளைத் திறக்கப் பார்த்தார். 4:05, நான் யார் என்று கேட்டார். காலையில் தாளை என் கணவர் கையில் கொடுத்தேன், ஒரு வார்த்தை பேசவில்லை. இரண்டு தடவை படித்துவிட்டு, 'நான் இதெல்லாம் நடக்கும்போது தூங்கிட்டா இருந்தேன்?' என்றார். அன்றிலிருந்து செவ்வாயும் வெள்ளியும் ராத்திரி அவர் பொறுப்பு. முதல் வெள்ளிக்கிழமை எனக்குத் தூக்கமே வரவில்லை, காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருந்தேன். மூன்றாவது வாரம்தான் தூங்கினேன்.

அதனால் கொழுந்தனாரிடம் 'கொஞ்சம் உதவி பண்ணுங்க' என்று கேட்காதீர்கள். அதற்கு எல்லோரும் தலையாட்டுவார்கள். ஒரு ராத்திரிக்கான தாளை எழுதிக் கொடுத்துவிட்டு, 'ஞாயிறு மூணு மணியிலிருந்து ஏழு மணி வரைக்கும் நீங்க இருங்க, நான் வெளியே போயிட்டு வரேன்' என்று நேரம் குறித்துக் கேளுங்கள். அவர் வந்து உட்கார்ந்ததும் கிளம்பிவிடுங்கள், பக்கத்து அறையில் இருந்துகொண்டு எட்டிப் பார்க்காதீர்கள். முதல் ஞாயிறு போய் ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டு வாருங்கள். அதே தாளை மகனுக்கும் படம் எடுத்து அனுப்புங்கள். பகலில் நாலு மணி நேரம் வந்து பார்த்துக்கொள்ள ஓர் ஆளுக்கு மாதச் சம்பளம் கொடுப்பது தொலைவிலிருந்தும் முடிகிற காரியம்.

தாளின் நகல் ஒன்றை எனக்கும் அனுப்புங்கள். எத்தனை மணிக்கு எழுந்தார் என்பதோடு, நீங்கள் மறுபடி எப்போது படுத்தீர்கள் என்பதையும் எழுதுங்கள்.